சூசை பார்மேல் நின்ற கோபுரம்

பேராசிரியர் வேதமாணிக்கம் தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று மைக்கில் சொன்னார். மறுநாள் காலை அது கடலில் நின்றது. நடந்த தப்பு இவ்வளவுதான். எப்படி நின்றது, எந்தச் சக்தியால் நின்றது என்று கேட்கிறவர்கள் வேறு கதை பார்த்துக்கொள்ளலாம். கல் நின்றது. ஈரம் சொட்ட நின்றது.

அவர் 'நீலாம்பல்' என்ற சின்னக் கப்பலில் விருந்துரையாளர். கொச்சியில் புறப்பட்டு, குமரியைச் சுற்றி, மன்னார் வளைகுடாவின் கரையோர ஊர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் கப்பல் அது. பயணிகள் அறுபது பேர். கோயம்புத்தூர் டாக்டர், சிங்கப்பூர் என்ஜினீயர், ஓய்வுபெற்ற நீதிபதி, பினாங்கில் கடை வைத்திருந்தவர் என்று எல்லாம் தலை நரைத்த கூட்டம். ஆடவோ குடிக்கவோ வந்தவர்கள் இல்லை, தெரிந்துகொள்ள வந்தவர்கள். அவர்களுக்குப் பறவை சொல்ல ஒருவர், சிற்பம் சொல்ல ஒருவர், சரித்திரம் சொல்ல வேதமாணிக்கம். அறை இலவசம், சாப்பாடு இலவசம். பதிலுக்குக் காலை பத்து மணிக்கு ஒரு உரை, மாலை ஆறு மணிக்கு ஒரு உரை, மூன்று வேளையும் வேறு வேறு மேசையில் பயணிகளோடு சாப்பாடு. தனியாக உட்காரக் கூடாது. அது ஒப்பந்தத்தில் நாலாவது வரி. இட்லியைப் பிட்டுச் சாம்பாரில் தோய்ப்பதற்குள் பாண்டியர் வந்துவிடுவார்கள், மோர் ஊற்றுவதற்குள் டச்சுக்காரர்கள் போய்விட வேண்டும்.

இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்வியைப் பதிலில்லாமல் விட்டு எழுந்து போகக் கூடாது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் முப்பது வருஷம், கப்பலில் ஒன்பது பருவம். வேதமாணிக்கம் 'தெரியாது' என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அகம்பாவம் என்று சொல்லிவிட முடியாது. பரிமாறுகிறவன் இலையைக் காலியாகப் பார்க்கச் சகியாத மாதிரிதான்.

கப்பல் துரவடி என்ற மீனவர் ஊருக்கு எதிரே நங்கூரமிட்ட அன்று மாலை, மேல்தளத்தில் உரை முடிந்து, தேநீர் வந்து, வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது, கோயம்புத்தூர் டாக்டர் கனகவல்லி கையில் நோட்டோடு எழுந்தார். எதையும் எழுதி வைத்துக்கொள்கிற அம்மா அவர்.

"ஏனுங்க சார், அந்த எடத்துல மட்டும் தண்ணி வெளுத்துக் கெடக்குதுங்களே. அங்க என்னமோ இருந்திருக்கும் போல. என்ன இருந்துச்சுங்க?"

வேதமாணிக்கம் பார்த்தார். வெளுத்துத்தான் கிடந்தது. அங்கே என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அறுபது முகங்கள் காத்திருந்தன. அவருடைய வாய் திறந்தது, அவரைக் கேட்காமலே திறந்தது.

"கோபுரம்" என்றார். "ஏழு நிலை. கருங்கல். முத்துக் குளிக்கப் போன புருஷனைக் கடலுக்குக் கொடுத்த ஒரு அரசி கட்டினது. இனி எவளும் என்னைப் போல் கரையில் நின்று கண் பூத்துப்போகக் கூடாது என்று ஒவ்வொரு நிலையிலும் விளக்கு வைத்தாள். ஏழாவது நிலைச் சுவர் முழுக்கச் சங்கு பதித்திருந்தது. காற்றடித்தால் சுவரே ஊதும். இருட்டில் வழி தப்பினவன் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கரை சேருவான்."

பினாங்குக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கனகவல்லி முதலிலிருந்து கடைசிவரை எழுதிக்கொண்டார்.

காலையில் கோபுரம் நின்றது.

பாசி வழிய, சிப்பி ஒட்ட, நிலைக்கு நிலை சிறுத்துக்கொண்டே போய், உச்சியில் சங்குச்சுவர் வெயிலில் பல்வரிசை போல வெளுத்து மினுங்க, அது எத்தனையோ நூறு வருஷமாக அங்கேயே இருந்து அன்றைக்குத்தான் எழுந்து முகம் கழுவியது மாதிரி நின்றது. கொண்டல் காற்று ஒரு இழுப்பு இழுத்தது, சுவர் ஊதியது. அந்தச் சத்தம் காதுக்கு வரவில்லை, நெஞ்செலும்புக்கு வந்தது. கேப்டன் லாசரஸ் வாஸ் காபியைக் கீழே வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார், பதிவுப் புத்தகத்தை எடுத்து 'இடப்பக்கம், கல், ஏழு நிலை, ஊதுகிறது' என்று எழுதினார். வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். சமையல்காரர் பொங்கலைத் தாளித்தார். கப்பல் கம்பெனி தகவல் கேட்டு, இன்னும் ஒரு வாரம் அங்கேயே நிற்கச் சொல்லிச் செய்தி அனுப்பியது.

துரவடி அதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். பெண்கள் கடற்கரைக்கு வந்து, நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "வந்துட்டாளா" என்றார்கள், தாமதமான பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி. பங்குச்சாமியார் படகில் போய்த் தீர்த்தம் தெளித்தார். பக்கத்து ஊர் அம்மன்கோயில் பூசாரி, தெளித்தது காய்வதற்குள் போய்ச் சூடம் காட்டினார். தாலுகா ஆபீஸிலிருந்து சர்வேயர் வந்து சங்கிலியைத் தண்ணீரில் போட்டு அளந்து, ஈரச் சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். சுவர் ஊதும் நேரம் பார்த்துத் தொட்டில் ஆட்டினால் பிள்ளைகள் சட்டென்று தூங்கின. உப்பளத்து உப்பு இளஞ்சிவப்பாய் விளைந்தது. இரண்டாம் நாள் ஊரில் அதற்கு ஒரு பாட்டு இருந்தது. எப்போதும் இருந்த பாட்டு என்றார்கள். மூன்றாம் நாள் இரண்டு குடும்பங்கள் கட்டிப் புரண்டன, எங்கள் பாட்டன்தான் அதற்குக் கல் சுமந்தார், உங்கள் பாட்டன் சுண்ணாம்புதான் சுமந்தார் என்று.

கப்பலிலோ கேள்வி தீரவில்லை. அரசி பேர் என்ன என்றார் நீதிபதி. வேதமாணிக்கம் சொன்னார், விடிந்ததும் வாசல் கல்லில் அந்தப் பெயர் வெட்டியிருந்தது. எத்தனை படி என்றார் சிங்கப்பூர்க்காரர். முந்நூற்று நாற்பத்துமூன்று என்றார். முட்டி வலியோடு ஏறி எண்ணினார்கள், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அரசி என்ன சாப்பிடுவாள் என்றது ஒரு மேசை. மறுநாள் மூன்றாம் நிலையில் ஒரு அடுப்பு, அடுப்பில் சாம்பல், சாம்பலில் சூடு.

அந்தச் சாம்பலுக்குள் விரலை விட்டுப் பார்த்தவர்களில் வேதமாணிக்கமும் ஒருவர். வாழ்நாள் முழுக்க உடைந்த பானையோட்டையும் தேய்ந்த கல்வெட்டையும் தடவித் தடவி, இருந்திருக்கலாம், இருந்திருக்கக்கூடும் என்று எழுதிக் கை சலித்த மனுஷர், இருந்தே தீர்ந்த ஒன்றின் நடுவில் நின்றார். கல்லில் கன்னத்தை வைத்தார். குளிர்ந்தது. தன் பொய்யைப் போல அழகான ஒரு உண்மையை அவர் எந்த மண்ணிலும் தோண்டி எடுத்ததில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதார், வெட்கப்பட்டு அல்ல.

ஐந்தாம் நாள் காலை அவர் மேசைக்கு எதிரே துரவடியின் கரைவழிகாட்டி வந்து உட்கார்ந்தாள். கப்பல் பயணிகளைப் படகுத்துறையிலிருந்து மாதா கோயிலுக்கும், உப்பளத்துக்கும், சங்கு அறுக்கும் கொட்டகைக்கும் அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவள்; நாற்பத்தைந்து வயதிருக்கும், மற்ற நாளில் மீன் வியாபாரம். ஊரே கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது அதன் காலடித் தண்ணீரைக் குனிந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான். கரை ஆட்கள் கப்பல் மேசையில் உட்காரும் வழக்கம் இல்லை. உட்கார்ந்தாள்.

"ஐயா, ஒரு சோலியா வந்தேன்."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்மா. பொங்கல் வைக்கச் சொல்லட்டா?"

"பொங்கல் கெடக்கட்டும். அந்தக் கோபுரத்த எடுத்துருங்க."

வேதமாணிக்கம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அது நிக்கிற எடத்துக்குப் பேரு சூசை பார். தண்ணிக்கடியில கெடக்குற பாறத்திட்டு. அதான் மேல வெளுப்பாத் தெரியும், துரவடியில தவழுற பிள்ளைக்கும் தெரியும். வெளமீனு, களவா, ஊளி எல்லாம் அங்கதான் குடியிருக்கும், அங்கதான் குஞ்சு பொரிக்கும். நாப்பத்திரண்டு படகு அத நம்பித்தான் போகுது. நீங்க ஒரு பதில் சொல்லச் சொல்ல அது ஒரு கால அகட்டி வைக்குது. பாதிப் பாரு கல்லுக்கடியில போயிட்டு. அஞ்சு நாளா வல வெறும் வலயா வருது."

"ஊர்க்காரங்க யாரும் சொல்லலையே."

"அவங்க கல்லுச் சுமந்த பாட்டனுக்குக் கொடி ஏத்திட்டு நிக்காங்க. வயிறு ரெண்டு நாள் பொறுக்கும், பெரும பொறுக்காது. மிச்சப் பாரும் மூடிட்டுன்னா மீனு வேற கடலுக்குப் போயிரும், ஐயா. போன மீனு வராது. பொறகு ஊரே போக வேண்டியதுதான்."

"நான் கட்டலையேம்மா."

"நீங்க சொன்னீங்க. டாக்டரம்மா எழுதுனாங்க. கட்டுறதுக்கு வேற என்ன வேணும்?"

பொங்கல் ஆறிப்போயிற்று. வேதமாணிக்கம் அன்று பத்து மணி உரையில், வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தார். பெரும்புயல் ஒன்று வந்தது என்றார்; ஏழு நாள் சுழன்றது, கோபுரம் இடிந்தது, கல் கடலோடு போயிற்று என்றார். நல்ல உரை. டாக்டர் எழுதிக்கொண்டார். விடிந்து பார்த்தால் உச்சியில் ஒரு மூலை உடைந்திருந்தது, உடைந்த கல்லெல்லாம் பார்மேல் சிதறிக் கிடந்தது, போதாக்குறைக்கு அந்தப் புயலில் கவிழ்ந்த ஒரு மரக்கப்பல் விலா எலும்பைக் காட்டிக்கொண்டு கல்லோரம் சாய்ந்திருந்தது. பார் இன்னும் கொஞ்சம் மூடியது.

மறுநாள் நேராகவே சொன்னார். "நான் சொன்னது பொய். அப்படி ஒரு அரசி இல்லை."

அறுபது பேரும் கை தட்டினார்கள். "என்ன அடக்கம் பாருங்க" என்றார் நீதிபதி. செய்தி கரைக்குப் போனது, கல்லுச் சுமந்த வீட்டாரும் சுண்ணாம்பு சுமந்த வீட்டாரும் முதல்தடவையாக ஒன்று சேர்ந்து படகில் வந்து, கப்பலைச் சுற்றி நின்று, "எங்க பாட்டன் பொய்யா வே? மேல இருந்து இறங்கிச் சொல்லும் பாப்பம்" என்று கத்தினார்கள். விடிந்தபோது வாசல் கல்லில் அரசி பெயருக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: 'இதைப் பொய் என்பாரும் உளர்.'

அவர் எதைச் சொன்னாலும் அது ஒரு பதிலாகத்தான் போய் விழுந்தது. பதிலைத் தின்றுதான் கோபுரம் வளர்ந்தது. வேதமாணிக்கம் படகில் கரைக்குப் போனார். வழிகாட்டிப் பெண் வலை பின்னும் இடத்தின் ஓரமாக, சும்மா கிடந்த படகின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னால ஆகலம்மா."

"அது தெரிஞ்சுதான் வந்திருக்கீங்க. நாளைக்கு ஆட்கள நான் கூட்டிட்டுப் போறேன். கேள்விய எங்கிட்ட விட்டுருங்க. நீங்க வாய மூடிட்டு வரணும், முடியுமா?"

முடியும் என்று சொல்ல வாயெடுத்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

எட்டாம் நாள் காலை நாலு ரப்பர் படகில் பயணிகள் போய்க் கோபுரத்தின் முன்னால் நின்றார்கள். துரவடிப் படகுகளும் வந்து சுற்றி வளைத்தன. வேதமாணிக்கம் தோளில் தொங்கிய ஒலிபெருக்கியைக் கழற்றி, மைக்கை அவளிடம் கொடுத்தார். ஒன்பது பருவமாக அதை அவர் இன்னொருத்தர் கையில் பார்த்ததில்லை. கை வெறுமையாக இருந்தது, பையில் விட்டுக்கொண்டார்.

அவள் ஒன்றும் பேசவில்லை. நின்றாள். உரையாளர்கள் யாரும் அப்படி நிற்க மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டர் கனகவல்லி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, இதை எப்படிங்க இத்தனை ஆழத்துல கட்டுனாங்க?"

"தெரியாதும்மா" என்றாள் அவள்.

சின்னச் சத்தம் கேட்டது. பாரம் சுமந்தவன் கடைசியில் பாரத்தை இறக்கி மூச்சு விடுகிற சத்தம். ஒரு நிலை தண்ணீருக்குள் இறங்கியது. அலை எழவில்லை. ஏழாக இருந்தது ஆறாக நின்றது. கப்பல் தளத்திலிருந்து கேப்டன் வாஸ் குறித்துக்கொண்டார்.

"எந்த வருஷம்?" என்றார் நீதிபதி, சாட்சியை மடக்குகிற குரலில்.

"தெரியாதுங்கய்யா."

ஐந்தாயிற்று. அவள் அதைச் சொன்ன விதத்தை வேதமாணிக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். குனியவில்லை, குழையவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. பானையில் தண்ணீர் இல்லை என்றால் இல்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அந்தச் சொல் வெளியே வந்ததும் கடல் கொஞ்சம் அகலமானது போல அவருக்குத் தோன்றியது.

அதற்குள் ஒரு படகிலிருந்து ஒரு ஆள் எழுந்து நின்று கத்தினான். கல்லுச் சுமந்த வீட்டுக்காரன், அவளுக்குக் கொழுந்தன்.

"மைனி! சபையில நம்ம குடும்பத்த அசிங்கப்படுத்தாதீங்க! எங்க பாட்டன் கல்லுச் சுமந்தாரா இல்லியா? சொல்லிட்டு மத்தது பேசுங்க!"

"எனக்குத் தெரியாது கொழுந்தனாரே" என்றாள். நாலாயிற்று. "நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தவ. நீங்க அங்கயே பொறந்தவரு. உங்களுக்குத் தெரியுமா?"

அவன் கோபுரத்தைப் பார்த்தான், தன் படகைப் பார்த்தான். படகில் செதில் ஒன்றுகூட இல்லாமல் காய்ந்து கிடந்த பலகையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"தெரியாது மைனி" என்றான்.

மூன்றாயிற்று. அவன் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். சுண்ணாம்பு வீட்டுக்காரர்கள் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்த ஊரில் அது கோபுரத்தைவிடப் பெரிய அதிசயம்.

வேதமாணிக்கம் வாயை மூடிக்கொண்டிருப்பதாகத் தலையாட்டியிருந்தார். ஆனாலும் கேட்டார். பதில் சொல்வதற்குத்தான் தடை, கேட்பதற்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

"அந்த அரசி அழுதாளாம்மா?"

தான் உண்டாக்கினவளைப் பற்றி அவருக்கே தெரியாத ஒன்று அது. அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முதல்தடவையாக அவள் முகம் இளகியது.

"தெரியாதுய்யா."

இன்னொன்று இறங்கியது. இரண்டு நிலை மிஞ்சியது. பினாங்குக்காரர், "எங்க அப்பா இந்தக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறினாராம், எந்த ஊர்ன்னு சொல்லாமலே செத்துட்டார், துரவடியா இருக்குமா?" என்று கேட்டார், அவளுக்கு அதுவும் தெரியவில்லை. அவர் பரவாயில்லை என்பதுபோலக் கையைக் காட்டினார். ஒரு நிலை இறங்கியது.

மிஞ்சியது சங்குச்சுவர் மட்டும். தண்ணீர்மட்டத்தில் அது ஊதியது, இத்தனை நாள் ஊதியதைவிட மெதுவாக, எல்லோருக்கும் நெஞ்செலும்பு அதிர. ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கேட்டால் போய்விடும் என்று அறுபது பேருக்கும் நாற்பத்திரண்டு படகுக்கும் தெரியும். வெயில் ஏறியது. அவள் காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை; பிடுங்கி எறிய அவளுக்கும் மனசில்லை, அதுதான் விஷயம். கண் கலங்கித்தான் நின்றாள்.

கடைசியில் டாக்டர் கனகவல்லி நோட்டை மூடினார்.

"இதுவும் போயிட்டா நமக்கு என்னங்க மிஞ்சும்?"

"தெரியாதும்மா" என்றாள் அவள், ஒலிபெருக்கி இல்லாமல்.

சங்குகள் ஒவ்வொன்றாக நீர் குடித்து அடங்கின. பிறகு தண்ணீர் மூடியது.

யாரும் திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. கலங்கல் தெளியத் தெளியப் பயணிகள் படகின் விளிம்பில் சாய்ந்து கீழே பார்த்தார்கள். வெளுத்த பச்சைக்குக் கீழே பார் கிடந்தது, பவளமும் பாசியுமாக, ஓரங்கள் நசுங்கி, நடு முழுசாக. ஒரு பொந்திலிருந்து களவா ஒன்று, வாடகைக்கு விட்ட வீட்டைப் பார்க்க வந்த கிழவன் மாதிரி, தாடையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தது. அதன் பின்னால் குஞ்சுகள், வெள்ளிப் பொடியைத் தூவியது மாதிரி, ஆயிரமா லட்சமா, திரும்பும்போது எல்லாம் சேர்ந்து திரும்பி, மின்னும்போது எல்லாம் சேர்ந்து மின்னி. முந்நூற்று நாற்பத்துமூன்று படி ஏறி இறங்கியவர்கள் ஒரு மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் கிடந்தார்கள். பறவை சொல்லுகிறவர் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

மத்தியானத்துக்குள் படகுகள் வலை போட்டன. பெரிய மீன்பாடு இல்லை, கூடைக்குக் கால்கூடை. போதும், மீன் போகவில்லை என்பதற்கு அது போதும்.

கப்பல் நங்கூரம் எடுக்கும் முன் கேப்டன் வாஸ் பதிவுப் புத்தகத்தோடு வந்தார்.

"புரொபசர், கோபுரம் இறங்கினது எழுதிட்டேன். இறக்கினது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. யாரு அந்த அம்மா? பேர் என்ன?"

வேதமாணிக்கத்தின் நாக்கில் ஒரு பெயர் வந்து நின்றது. நல்ல பெயர், அந்தக் கரைக்குப் பொருத்தமான பெயர், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நாலு பருவமாக அவள் பின்னால் நடந்து மாதா கோயிலுக்கும் உப்பளத்துக்கும் போயிருக்கிறார்.

அந்தப் பெயரை விழுங்கினார்.

"தெரியாது" என்றார். "கேட்டுட்டு வர்றேன்."

கயிற்று ஏணியில் இறங்கி, படகு பிடித்து, கரைக்குப் போனார். அவள் மணலில் குந்தி, வலையிலிருந்து விளமீனைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, கேட்டார். அவள் கையை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மீனைக் கூடையில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

இஞ்ஞாசியம்மாள்.